முன்வாசலில் ஒரு சுதந்திர விழா

உலகத்தில் சுதந்திரம் என்று ஒன்று உண்டென்றால், அது பிரிக்பீல்ட்ஸில், எங்கள் கழகத்தின் செயற்குழுக் கூட்டத்தில், தேநீர் இடைவேளைக்குப் பிறகு, முறைப்படி முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, ஏகமனதாகப் பிறந்தது என்பதை வரலாறு ஒருநாள் ஒப்புக்கொண்டே தீரும். ஒப்புக்கொள்ளாவிட்டால் கண்டனத் தீர்மானம் போடுவோம்.

என் பெயர் முத்துக்குமாரு. மேற்படி கழகம் 'பிரிக்பீல்ட்ஸ் இளையோர் எழுச்சிக் கழகம்'. நான் அதன் கௌரவச் செயலாளர். அரசாங்க இலாகாவில் ஒரே மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். தலைவர் திருச்செல்வமும் அதே இலாகாதான். மேசை மட்டும் கொஞ்சம் பெரியது. பொருளாளர் வேலாயுதம் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடை நடத்துகிறார். மகளிர் பிரிவுத் தலைவி குமுதா. எங்கள் இளையோர் கழகத்தின் செயற்குழுவிலேயே வயதில் இளையவர் வேலாயுதம்தான். அவருக்கு இப்போதுதான் முழங்கால் மாற்றினார்கள்.

ஒருநாள் எங்கள் மண்டபத்துக்கு ஊக்கமூட்டும் தன்முனைப்புப் பேச்சாளர் ஒருவர் வந்தார். கன்னத்தில் ஒட்டிய மைக்கோடு மேடையில் அங்குமிங்கும் நடந்தார். "நம் பிள்ளைகளுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. ஏன் தெரியுமா? எல்லா முடிவையும் நாமே எடுத்துவிடுகிறோம்" என்றார். கை வலிக்கத் தட்டினோம். வெளிநாடுகளில் சில வீடியோ கேம்கள் இருக்கின்றனவாம். அதில் இப்படித்தான் போகவேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்களாம். ஆடுகிறவன் தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்கலாமாம்.

அடுத்த கூட்டத்திலேயே திருச்செல்வம் முடிவெடுத்துவிட்டார். இளைஞர்கள் முடிவெடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்காக 'சுயமுடிவுப் பெருவிழா' நடத்தப்படும். இதுபற்றி இளைஞர்களைக் கேட்கலாமா என்று குமுதா கேட்டார். அவர்களுக்குத்தான் முடிவெடுக்கத் தெரியாதே, கேட்டு என்ன பயன் என்று தலைவர் விளக்கம் அளித்தார். விளக்கம் ஏற்கப்பட்டது.

தகுந்த கேம் ஒன்றைக் கண்டுபிடிக்கத் 'தேடல் குழு' அமைந்தது. எங்கள் நால்வருக்கும் கேம் என்றால் கேரம்தான். ஆகவே என் மகள் நிலானியைத் தொழில்நுட்ப ஆலோசகராக நியமித்தோம். நியமனத்தை அவளுக்கு அன்று மாலை நான் தெரியப்படுத்தினேன்.

"எனக்குப் பிடிக்குமான்னு கேக்கலியேப்பா" என்றாள்.

"உனக்குப் பிடிக்கும்னுதான் நாங்களே முடிவு பண்ணிட்டோம்."

நிலானியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். இருபது வயது. நல்ல புள்ளிகள் எடுத்தவள். அப்போது அவள் முன்னால் இரண்டு படிப்புகள் இருந்தன. ஒன்று பல் மருத்துவம். இது என் விருப்பம். மற்றது மலாக்கா பக்கம் ஒரு கல்லூரியில் கப்பல் அதிகாரிப் படிப்பு. இது அவளுடைய, என்ன சொல்ல, 'எண்ணம்'. அவளுடைய தோழி தாமரை வீடு பண்டமாரானில் இருக்கிறது. தாமரையின் அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். அங்கே போனோமா, மீன் சம்பல் சாப்பிட்டோமா, வந்தோமா என்று இல்லாமல், கப்பலையும் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். வருகிறேனா இல்லையா என்று கல்லூரிக்குப் பதில் சொல்லவேண்டிய கடைசி நாள், எங்கள் விழா நடக்கிற அதே சனிக்கிழமை.

நான் பிள்ளைமேல் எதையும் திணிக்கிற அப்பன் அல்ல. பல் மருத்துவத்தைச் செராஸில் படிப்பதா, பினாங்கில் படிப்பதா என்பதை முழுக்க முழுக்க அவள் முடிவுக்கே விட்டிருந்தேன். கப்பல் பேச்சை எடுத்தாலும் நான் கோபப்பட்டது கிடையாது. முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னதும் கிடையாது. "நாளைக்குப் பேசுவோம்மா" என்பேன். மறுநாள் கேட்டால் மறுபடியும் அதே பொறுமையோடு அதையே சொல்வேன்.

எங்கள் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கி, ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்தவர். இறங்கினவர் அப்புறம் கடல் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அவர் இறங்கியதே நாங்கள் யாரும் ஏறாமல் இருக்கத்தான் என்பது என் கருத்து. தவிர, கடல் என்றாலே எனக்குப் பயம். அதை அவளிடம் சொன்னதில்லை. அப்பன் பயப்படுகிறான் என்று பிள்ளைக்குத் தெரிவது குடும்ப நிர்வாகத்துக்கு நல்லதல்ல.

சரி, தேடலுக்கு வருகிறேன்.

மண்டபத்தில் பெரிய திரை கட்டி, நிலானி ஒவ்வொரு கேமாகப் போட்டுக் காட்டினாள். முதலாவதில் ஒரு பெரிய நகரம். டாக்சி ஓட்டலாம், கடை வைக்கலாம், வேண்டுமானால் அடுத்தவன் காரை எடுத்துக்கொண்டும் போகலாம்.

"அடுத்தவன் காரையா?" வேலாயுதம் எழுந்துவிட்டார். கடை வாசலில் நிறுத்தியிருந்த அவர் வண்டி தீபாவளி சமயத்தில் காணாமல் போனது. "அதை எடுத்தவன் இந்த கேமைத்தான் விளையாண்டிருப்பான். வேணாம் லா."

இரண்டாவது ஒரு பண்ணை. காய்கறி போடலாம், மாடு வளர்க்கலாம், எதுவும் செய்யாமல் மரத்தடியில் படுத்தும் கிடக்கலாம்.

"எங்க தாத்தா எஸ்டேட்ல விடியக்காலையில பெரட்டுல வரிசையா நின்னு பேர் குடுத்துட்டு இதைத்தான் செஞ்சாரு" என்றார் வேலாயுதம். "படுத்துக் கிடக்கறது மட்டும் கெடையாது. அதுல இருந்து வெளிய வர மூணு தலைமுறை ஆச்சு. மறுபடியும் பிள்ளைங்கள உள்ள அனுப்பச் சொல்றியா?"

மூன்றாவது, சண்டை சச்சரவே இல்லாத குடும்ப கேம் என்றாள் நிலானி. குமுதா ஆவலோடு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் ஒரு வீடு. அந்த வீட்டு அப்பா, 'நான் சொன்னபடி செய்வாயா?' என்று கேட்டார். கீழே மூன்று பதில்கள் வந்தன. 'சரி அப்பா.' 'யோசிக்கிறேன்.' 'முடியாது.'

"ஐயோ" என்றார் குமுதா. "நிலானி, அந்த மூணாவதை மட்டும் எடுத்துட முடியுமாம்மா?"

"முடியாது ஆன்டி."

"பாத்தீங்களா, இப்பவே சொல்ல ஆரம்பிச்சிட்டா!"

அந்த கேமும் தள்ளுபடியானது.

நான்காவதுதான் கோட்டை. ஒரு வழிப்போக்கன் கடற்கரையில் வந்து இறங்குகிறான். எதிரே ஒரு பெரிய கோட்டை. அதற்குள்ளே ஒரு பொன்முத்திரை இருக்கிறது. அதை எப்படி எடுப்பது என்பது ஆடுகிறவர் பாடு. காவலாளியோடு சண்டை போடலாம். சுவர் ஏறிக் குதிக்கலாம். சமையல்காரன் வேஷத்தில் போகலாம். காவலாளி கையில் எதையாவது அழுத்தலாம். பின்பக்கத்துச் சாக்கடை வழியாகத் தவழ்ந்தும் போகலாம். எந்த வழி சரி என்று கேம் சொல்லாது.

"அபாரம்!" என்றார் திருச்செல்வம். "இதுதான் சுதந்திரம். எந்த வழி சரின்னு அவங்க சொல்லலேன்னா, அந்தப் பொறுப்பு நமக்கு வருது."

உடனே 'வழித் தேர்வுத் துணைக்குழு' அமைந்தது. உறுப்பினர்கள் நாங்களே. சண்டை வன்முறை, நீக்கப்பட்டது. சுவர் ஏறுவது திருட்டு, நீக்கப்பட்டது. காவலாளி கையில் அழுத்துவது லஞ்சம், அதிலும் விழாவுக்கு ஒய்பி, அதாவது எங்கள் தொகுதியின் மாண்புமிகு எம்.பி., வருகிறார், அவசரமாக நீக்கப்பட்டது. சமையல்காரன் வேஷம் போட்டால் நம் பிள்ளைகள் சமையல்காரர்களாகத்தான் வரவேண்டுமா என்று பெற்றோர் கேட்பார்கள். சாக்கடைக்குச் சுகாதாரக் காரணம் காட்டினார் குமுதா. மிஞ்சியது ஒன்றுதான். முன்வாசலுக்குப் போய், காவலாளிக்கு வணக்கம் சொல்லி, உள்ளே விடும்படி கேட்பது.

நிலானி கையைத் தூக்கினாள். "அங்கிள், முன்வாசல் திறக்காது. வணக்கம் சொன்னா அவனும் மரியாதையா வணக்கம் சொல்லி, நாளைக்கு வாங்கம்பான். மறுநாள் போனாலும் அதேதான். எத்தனை தடவை போனாலும் அவ்வளவுதான். அதுக்காகத்தான் மத்த வழியெல்லாம் வச்சிருக்காங்க."

திருச்செல்வம் பரிவோடு சிரித்தார். "முதல் தடவையே திறந்துட்டா அது என்னம்மா கோட்டை? நாங்க எல்லாம் எத்தனை வருஷம் கவுண்டர்ல இருந்தோம். தொடர்ந்து வந்தா எந்தக் காவலாளிக்கும் மனசு இளகும்."

"இது கம்ப்யூட்டர் அங்கிள். அதுக்கு மனசு கெடையாது."

"எங்க இலாகாவிலும் ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க" என்றார் திருச்செல்வம்.

போட்டி விதிகளை நானே எழுதினேன். முதல் விதி: போட்டியாளர் தமக்குப் பிடித்த வழியை முழுச் சுதந்திரத்தோடு தேர்ந்தெடுக்கலாம். இரண்டாம் விதி: அந்த வழி முன்வாசல். எல்லாருக்கும் 'என் வழி' என்று எழுதிய டி-சட்டை அடித்தோம். நிறத்தைக் குழு தேர்ந்தெடுத்தது.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டு என் மனைவி குணேஸ்வரி எங்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். நிலானி இலகுவாகப் பேச்சை ஆரம்பித்தாள்.

"அப்பா, கேம்ல நிறைய வழி இருக்கணும்னு தேடினீங்க இல்ல?"

"ஆமா. அதுலதானே பிள்ளைங்க மூளை வளரும்."

"எனக்கும் ஒரு வழி தெரியுதுப்பா. அதைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசலாமா?"

"நாளைக்குப் பேசுவோம்மா."

"நாளைக்கு விழா."

"அப்ப நாளன்னிக்கு."

"நாளைக்குப் பகல் பன்னெண்டு மணியோட முடிஞ்சிரும்பா."

"யார் சொன்னா? ரெண்டு மணிவரை இருக்கு. நன்றியுரையே அரை மணி நேரம் போகும்."

அவள் விழாவைத்தான் சொல்கிறாள் என்று நான் வைத்துக்கொண்டேன். குணேஸ்வரி சொதிக் கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் அதிகம். நிலானி எழுந்து கை கழுவப் போனாள். தட்டில் இடியப்பம் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை. விழா மிகக் கச்சிதமாக, ஒய்பி வராத காரணத்தால் தாமதமாகத் தொடங்கியது. கடவுள் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை. 'தானாகச் சிந்திப்பது எப்படி' என்பது பற்றித் திருச்செல்வம் எழுதிக்கொண்டு வந்ததை அப்படியே வாசித்தார். இளைஞர்கள் ஒரே நிற டி-சட்டையில் வரிசையாக உட்கார்ந்து தாங்களும் சிந்தித்தார்கள், பெரும்பாலும் கைப்பேசியில்.

ஒய்பி வந்தார். பொன்னாடை போர்த்தினோம், படம் பிடித்தோம். முதல் ஆட்டத்தை அவரே ஆடித் தொடங்கிவைத்தார். கேம் ஆங்கிலத்தில் பேசும். ஆனால் எங்களுக்கு மொழிப்பற்று உண்டு. ஆகவே காவலாளி சொல்வதை நிலானி மைக்கில் தமிழில் சொல்வதாக ஏற்பாடு.

ஒய்பியின் வழிப்போக்கன் முன்வாசலுக்குப் போய் வணக்கம் சொன்னான்.

"வணக்கம். நாளைக்கு வாங்க" என்றாள் நிலானி மைக்கில்.

பலத்த கைதட்டல். ஒய்பி மறுபடி அழுத்தினார்.

"வணக்கம். நாளைக்கு வாங்க."

"இந்த ஆளை எனக்கு எங்கியோ தெரியும்" என்றார் ஒய்பி. சபை சிரித்தது. பொறுமையின் பெருமை பற்றிச் சுருக்கமாகப் பேசிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்பினார். அவர் நாளைக்கும் வரமாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும்.

அப்புறம் போட்டியாளர்கள். செராஸிலிருந்து வந்த நிர்மலன் என்ற பையன் உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டான்.

"அங்கிள், இந்தச் சுவத்துல ஏறலாமா?"

"ஏறலாம் தம்பி. ஆனா ஏறக்கூடாது."

"ஏற முடியும்னு கேம் சொல்லுது."

"கேம் சொல்லும். கழகம் சொல்லலியே."

அவன் நல்ல வளர்ப்பு. முன்வாசலுக்குப் போனான். வணக்கம் சொன்னான். நிலானி "நாளைக்கு வாங்க" என்றாள். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் அதேபோல் போனார்கள், வணக்கம் சொன்னார்கள். நிலானி ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னாள். சொல்லும்போது திரையைப் பார்க்கவேண்டியவள், என்ன காரணமோ, நான் உட்கார்ந்திருந்த பக்கமே பார்த்துச் சொன்னாள். நான் தலையாட்டி உற்சாகப்படுத்தினேன்.

கோட்டைக்குள் ஒருவர்கூடப் போகவில்லை. வெற்றியாளரை எப்படித் தேர்வது என்ற சிக்கல் வந்தது. வடை சாப்பிட்டுக்கொண்டே முகம் சுளிக்காமல் வாசலில் நெடுநேரம் நின்ற நிர்மலனுக்கு 'சுயமுடிவுச் செம்மல்' விருது வழங்கலாம் என்று வேலாயுதம் முன்மொழிந்தார். குமுதா வழிமொழிந்தார்.

"நம்ம செயலாளர் மகளும் ஒரு ஆட்டம் ஆடட்டும்" என்றார் திருச்செல்வம் பெருந்தன்மையோடு. "காலையில இருந்து மைக் பிடிச்சு களைச்சுப் போயிருக்கா."

நிலானி மைக்கை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய வழிப்போக்கன் கோட்டையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். முன்வாசலுக்குப் போகவில்லை. சுவர்ப் பக்கமும் போகவில்லை. சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே கடற்கரைக்கு இறங்கினான். அங்கே ஒரு சின்னப் படகுத்துறை. ஒரு படகு கட்டியிருந்தது. காலையிலிருந்து திரையின் ஓரத்தில் அது இருந்திருக்கிறது. எங்கள் துணைக்குழு பார்க்கவே இல்லை.

"எங்க போறா?" என்றார் திருச்செல்வம். "கோட்டை அந்தப் பக்கம்மா!"

அவன் கயிற்றை அவிழ்த்தான். படகு நகர்ந்தது. கோட்டை சின்னதாகிச் சின்னதாகி ஒரு பொட்டாகிக் காணாமல் போனது. திரை முழுக்கத் தண்ணீர். ஓரத்தில் ஏதோ ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. மைக் இல்லாமலே நிலானி அதைத் தமிழில் சொன்னாள்: "அந்த முத்திரை உங்களுக்குத் தேவைப்படவில்லை. நல்லபடியாகப் போய் வாருங்கள்."

டி-சட்டை வரிசை முழுக்க எழுந்து நின்று கத்தியது. ஒய்பிக்குக்கூட அப்படிக் கை தட்டவில்லை. நிலானி பையிலிருந்து கைப்பேசியை எடுத்து எதையோ அழுத்தினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அப்பா, கப்பல் படிப்புக்கு வரேன்னு சொல்லிட்டேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"கேட்டேன்பா. தினமும்தான் கேட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. நான் பதில் சொல்வதற்குள் திருச்செல்வம் நன்றியுரைக்கு என்னை அழைத்துவிட்டார். அரை மணி நேரம் எல்லாருக்கும் நன்றி சொன்னேன். யார் யாருக்குச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

விழா மகத்தான வெற்றி என்று அடுத்த கூட்டம் முடிவு செய்தது. முடிவெடுக்கக் கற்றுக்கொடுக்கும் விழாவில் ஒருவர் உண்மையாகவே முடிவெடுத்திருக்கிறார். இந்தச் சம்பவம் எப்படி நடந்தது, யார் கவனக்குறைவு, இனி நடக்காமல் தடுப்பது எப்படி என்று ஆராய ஒரு குழு அமைந்தது. நிலானியின் ஆட்டம் தகுதிநீக்கம் செய்யப்பட்டது. காரணத்தைச் செயலாளர்தான் எழுதவேண்டும். நான் யோசித்து, 'போட்டியாளர் சொந்தமாக முடிவெடுத்தார்' என்று எழுதினேன். திருச்செல்வம் படித்துப் பார்த்து, மிகச் சரி என்று கையெழுத்துப் போட்டார். சிரிக்கவில்லை.

நிலானியை மலாக்காவுக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க வாயைத் திறக்கவில்லை. கோபத்தில் அல்ல; திறந்தால் அழுதுவிடுவேன். அவள் அதைக் கோபம் என்றே எடுத்துக்கொண்டிருப்பாள். இறங்கும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

வீடு வெறிச்சென்று இருந்தது. அவள் அறையில் கம்ப்யூட்டர் அப்படியே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, தட்டுத்தடுமாறி அந்தக் கோட்டை கேமைத் திறந்தேன். அவளுக்கு மட்டும் எப்படித்தான் அந்தப் படகு கண்ணில் பட்டது என்று பார்க்கத்தான். ஆனால் பழக்கதோஷம், கால் தானாக முன்வாசலுக்கே போனது. வணக்கம் சொன்னேன். நாளைக்கு வாங்க என்றான் காவலாளி. மறுபடி சொன்னேன். அவனும் மறுபடி சொன்னான். பத்துத் தரம் தொந்தரவு பண்ணியும் முகம் மாறவில்லை. அவன்மேல் எனக்குப் பெரிய மதிப்பே வந்துவிட்டது. இப்படி ஒருவன் என் இலாகாவில் இருந்திருந்தால் பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்திருப்பேன்.

குணேஸ்வரி காப்பி கொண்டுவந்தாள்.

"இங்க பாரேன் குணேஸ்" என்றேன். "எவ்வளவு தன்மையான ஆளு. ஒரு தடவைகூடக் கோபப்படல. முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. மரியாதையா, பொறுமையா, நாளைக்கு வாங்கன்னுதான் சொல்றான். இதுல யாராவது ஒரு குறை சொல்லமுடியுமா?"

குணேஸ்வரி திரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். காப்பியை மேசையில் வைத்தாள்.

"சொல்ல முடியாதுதான்" என்றாள். "அதனாலதான் அவ படகுல போயிட்டா."